எல்லாத்துக்கும் ஒரே தோட்டா: ஒரு காலிபரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு துப்பாக்கிக் கடையில் தொடங்குது. நம்ம ஊர்க் கடை இல்லை. அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருக்கிற கடை. உள்ளே வர்ற ஆள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இது: "மான் வேட்டைக்கும் ஆகணும், ஆயிரம் கெஜம் தள்ளி இருக்கிற இலக்கையும் அடிக்கணும். வாங்கப் போறது ஒரே ரைஃபிள். எந்த காலிபர் எடுக்கலாம்?"

இந்தியாவில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இந்தக் கேள்வியின் முதல் பாதிக்கே இடமில்லை. ஆனா இதுக்குப் பின்னால் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷ வரலாறு இருக்கு. அதில் சில போர்கள் வருது, ஒரு பேரரசின் பயம் வருது, காந்தி கூட ஓரமா வந்துட்டுப் போறார்.

முதல்ல ரெண்டு சொல்லைத் தெளிவாக்கிக்குவோம். காலிபர்னா குழலோட உள்விட்டம். தோட்டான்னா பித்தளைக் குப்பி, அதுக்குள்ள மருந்து, வாயில் செருகின குண்டு எல்லாம் சேர்ந்தது. பேச்சுவழக்கில் தோட்டாவையே காலிபர்னு சொல்லிடுறாங்க. நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்.

1874 செப்டம்பர் 26. நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் கிரீட்மூர் என்கிற இடம். முந்தின வருஷம்தான் அங்க ஒரு சுடுதளம் திறந்திருந்தாங்க. அயர்லாந்து அணிக்கும் அமெரிக்க அணிக்கும் போட்டி. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கெஜம்னு மூணு தூரம். ஆயிரம் கெஜம்னா 914 மீட்டர். அயர்லாந்துக்காரங்க கையில் குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய பாணி ரைஃபிள். அமெரிக்கர்கள் பின்பக்கம் திறந்து தோட்டா போடுற ரெமிங்டன், ஷார்ப்ஸ். எல்லாரும் ஐரிஷ் அணிதான் ஜெயிக்கும்னு நினைச்சாங்க.

நடந்தது வேற. ஐரிஷ் அணியில் மில்னர் என்பவர் குண்டை நடு மையத்தில் போட்டார். ஆனா அது பக்கத்து இலக்கு! நாலு புள்ளி போச்சு. கடைசி குண்டு அமெரிக்கத் தரப்பில் கர்னல் போடைனுக்கு. அவர் சுடுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, திறக்கப்போன இஞ்சி பீர் பாட்டில் கையிலேயே வெடிச்சுக் கை கிழிஞ்சிருந்தது. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுப் படுத்து, மையத்தில் அடிச்சார். 934-க்கு 931. அமெரிக்கா மூணு புள்ளியில் ஜெயிச்சது.

தோத்த அணியில் இருந்தவர்களில் ஒருத்தர் ஜான் ரிக்பி. டப்ளின் துப்பாக்கி செய்யும் குடும்பம். இந்தப் பெயரையும் கிரீட்மூர் என்கிற பெயரையும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க. ரெண்டும் திரும்ப வரும்.

அந்தக் காலத்து மருந்து கரும்புகை மருந்து. அதை வச்சுக் குண்டை ஒரு அளவுக்கு மேல் வேகமா அனுப்பவே முடியாது. அதிக பலம் வேணும்னா குண்டைப் பெரிசாக்குறது ஒண்ணுதான் வழி. அதனால் ஈயக் குண்டு தடிமனா இருந்தது, தோளில் உதையும் பலமா இருந்தது. 1884-ல் பிரான்சில் பால் வியெய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். மொத்தக் கணக்கும் மாறிப்போச்சு. குண்டு இப்ப மெலிசா, நீளமா, வேகமா போகலாம். ஒரே எடையில் ரெண்டு குண்டு இருந்தா, மெலிசா நீளமா இருக்கிறது காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். வேகத்தை லேசில் இழக்காது. தூரத்தில் கம்மியாத்தான் தாழும். இலக்குக்குள்ள ஆழமாவும் இறங்கும். அந்த ஆயிரம் கெஜக் கேள்விக்கும் மான் கேள்விக்கும் ஒரே பதில் சாத்தியமானது இங்கதான்.

ஜெர்மனியின் பால் மௌசர் 1892-ல் வடிவமைச்ச 7 மி.மீ. தோட்டா அந்தப் பதிலுக்கு ரொம்ப நெருங்கி வந்தது. குப்பியின் நீளம் 57 மி.மீ. என்பதால் 7x57-னு பேர். 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள நீளக் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 700 மீட்டர் வேகம், தோள் தாங்குற உதை. 1893-ல் ஸ்பெயின் ராணுவம் அதை எடுத்துக்கிட்டது.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1898 ஜூலை 1-ஆம் தேதி, கியூபாவில் சான் ஹுவான் மேடு. சில நூறு ஸ்பானிய வீரர்கள் மௌசரோட மேட்டு மேல. அவர்களைப் போல பல மடங்கு அமெரிக்கர்கள் கீழே. மேட்டை அமெரிக்கர்கள் பிடிச்சுட்டாங்க. ஆனா அந்த ஒரு நாளில் அவங்க பக்கம் காயம்பட்டவங்களே ஆயிரத்துக்கு மேல. அவங்க கையில் இருந்த கிராக் ரைஃபிளில் தோட்டாவை ஒண்ணொண்ணாப் போடணும். மௌசரிலோ அஞ்சு தோட்டா கோத்த பட்டையை வச்சு ஒரே அழுத்து. இதைச் சொல்லாம காலிபருக்கு மட்டும் புகழ் கொடுத்தா அது சரியான வரலாறு இல்லை. எப்படியோ, பிடிபட்ட மௌசர்களை அமெரிக்கர்கள் அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுப் பார்த்தாங்க. 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் பிறந்தது. அது மௌசரை எவ்வளவு ஒத்திருந்ததுன்னா, அமெரிக்க அரசாங்கமே மௌசர் நிறுவனத்துக்குக் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டியதாச்சு.

அடுத்த பாடம் பிரிட்டனுக்கு. 1895 கடைசியில் ஜேம்சன் தலைமையில் ஒரு கூட்டம் டிரான்ஸ்வாலுக்குள் அத்துமீறி நுழைஞ்சு தோத்தது. அதுக்கப்புறம் க்ரூகர் அரசாங்கம் முப்பதாயிரத்துக்கும் மேல் 7 மி.மீ. மௌசர்களை வாங்கிப் போயர் விவசாயிகள் கையில் கொடுத்தது. அந்த விவசாயி சின்ன வயசுலேருந்தே சாப்பாட்டுக்காக மான் சுட்டுப் பழகினவன். தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரியும். 1899 டிசம்பரில் மாகர்ஸ்ஃபான்டைனில் அவங்க குன்றின் உச்சியில் இல்லாம, அடிவாரத்தில் குழி வெட்டிப் பதுங்கி இருந்தாங்க. புகையில்லா மருந்து என்பதால் எங்கேருந்து சுடுறாங்கன்னே தெரியலை. நாலு நாள் கழிச்சுக் கொலன்சோவில் இன்னொரு தோல்வி. அங்க காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைத் தூக்கிட்டு வந்தவங்களில் காந்தி திரட்டின இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சுமார் 1,100 பேர். பெரும்பகுதி நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளா வந்தவங்க. நேட்டால் கூலிகளில் தமிழர்கள் எவ்வளவு பேர்னு நமக்குத் தெரியும். ஆக, இந்த 7 மி.மீ. குண்டு என்ன செய்யும்னு பக்கத்தில் இருந்து பார்த்தவங்களில் நம்ம ஆட்களும் இருந்திருக்காங்க.

பிரிட்டிஷ் ராணுவம் இந்த அடியில் தன் .303 தோட்டாவையே மாத்த நினைச்சது. 7 மி.மீ. அளவில் புதுத் தோட்டா, 1913 மாதிரி ரைஃபிள்னு எல்லாம் தயார். 1914-ல் உலகப்போர் வந்தது. திட்டம் அப்படியே நின்னுபோச்சு.

இப்ப ரிக்பி திரும்ப வர்றார். இதில் ஒரு வேடிக்கை பாருங்க: .303 ரைஃபிள் உருவான காலத்தில் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலைக்குக் கண்காணிப்பாளரா இருந்தவரும் அவர்தான். அவர் கம்பெனி 1907-ல் அந்த எதிரித் தோட்டாவையே அங்குலக் கணக்கில் .275 ரிக்பி என்கிற ஆங்கிலப் பேரில் விற்க ஆரம்பிச்சது. சரக்கு ஒண்ணுதான், லேபிள் வேற.

இந்தத் தோட்டாவுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்த ரெண்டு பேர் உண்டு. ஒருத்தர் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். உகாண்டாவின் கரமோஜா பக்கம் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேல் யானைகளைக் கொன்றவர். அதில் பெரும்பகுதி இந்த 7 மி.மீ.யால். மத்த வேட்டைக்காரங்க ரெண்டு மடங்கு தடிமனான குண்டைச் சுமந்துக்கிட்டு இருந்தப்ப, இவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, மூளை எங்க இருக்குன்னு படிச்சுக்கிட்டார். திறமைன்னு சொல்லலாம், ஆயிரம் யானை என்கிறதைச் சொல்லும்போது எனக்கு அந்த வார்த்தை நாக்கில் வர மாட்டேங்குது. அவரைப் பார்த்து யானை மேல் சின்னக் குண்டு போடலாம்னு யாரும் முடிவு பண்ணக் கூடாது; பல ஆப்பிரிக்க நாடுகளில் பெரிய மிருகங்களுக்குக் குறைந்தபட்சம் .375 என்கிற சட்டம் இருக்கு.

இன்னொருத்தர் நமக்குத் தெரிஞ்ச ஜிம் கார்பெட். 1907-ல் குமாவோனில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றார். 436 பேரைக் கொன்றதா கணக்குச் சொல்லப்பட்ட புலி அது. அன்னிக்கு அவர் கையில் இருந்தது கனமான .500 இரட்டைக் குழல் ரைஃபிள், மூணே மூணு தோட்டா. மூணும் தீர்ந்து, கடைசியில் தாசில்தாரோட துப்பாக்கியை வாங்கித்தான் முடிச்சார். அந்தச் செயலுக்குப் பரிசா, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் கொடுத்தது ஒரு .275 ரிக்பி. லேசான ரைஃபிள், மலையில் நாள் முழுக்கத் தூக்கிட்டு நடக்கலாம். 1926-ல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது அதனாலதான்.

இந்தியாவில் காலிபர் தேர்வு வெறும் இயற்பியல் இல்லை, அரசியலும் கூட. கலகக்காரர்கள் கையில் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் இருந்தன. அதோட குண்டு அளவு.450. அதனால் அந்த அளவுத் தோட்டா இந்தியாவுக்குள்ளயும் சூடானுக்குள்ளயும் வரக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் என்ன செஞ்சாங்க? .470, .465-னு கொஞ்சம் நகர்த்தி வச்சாங்க. யானை வேட்டைக்குப் பேர்போன அந்தப் பெரிய தோட்டாக்கள் பிறந்த கதையே இதுதான்! ராணுவத்தோட .303-ம் பொதுமக்களுக்கு விலக்கு. அதுக்கு மாற்றா இங்க நிலைச்சது .315. அது பழைய ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாதான். சொந்த ராணுவத்தோடது கூடாது, எவனோ ஒருத்தன் ராணுவத்தோடது பரவாயில்லை. சுதந்திரத்துக்கு அப்புறமும் நம்ம அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் அதே .315 ரைஃபிளைத்தான் உரிமம் வச்சிருக்கிறவங்களுக்குச் செஞ்சு கொடுத்தது.

இதுக்கிடையில் ஓசூர், ஜவளகிரிக் காடுகளில் திரிஞ்ச கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது அமெரிக்க வின்செஸ்டர் .405. கிட்டத்தில் பலமான அடி, ஆனா தூரம் போகாது. அடர்ந்த காட்டுக்கு அது போதும்.

இருபதாம் நூற்றாண்டின் மீதியை வேகமா ஓட்டிடலாம். அமெரிக்காவில் 1906-ல் கூர்முனைக் குண்டோட .30-06 வந்தது; அரை நூற்றாண்டு அதுதான் எல்லாத்துக்கும் பதில். 1952-ல் அதைவிடக் குட்டையான .308; கொஞ்ச நாளில் நேட்டோ படைகளோட பொதுத் தோட்டாவும் ஏறக்குறைய அதே அளவு. ராணுவத் தோட்டா என்பதால் மலிவா, எங்கேயும் கிடைக்கும். கடையில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு இன்னைக்கும் .308 சொல்றவங்க அதிகம். அதில் பாதி காரணம் இந்தச் சுலபம்தான்.

2007-ல் டேவ் எமரி, டென்னிஸ் டெமில் ரெண்டு பேர் யோசனையில் ஹார்னடி கம்பெனி இலக்குப் போட்டிக்காக ஒரு தோட்டா கொண்டு வந்தது. விட்டம் 6.5 மி.மீ. பேர் கிரீட்மூர். ஒன்பது கிராம் குண்டு, நொடிக்கு 820 மீட்டர் வாக்கில் வேகம். இன்னைக்குக் கடையில் கிடைக்கிற 7x57-இல் அதே எடைக் குண்டு ஏறக்குறைய அதே வேகத்தில்தான் கிளம்புது. வித்தியாசம் என்னன்னா, புதுக் குண்டு இன்னும் மெலிசு, இன்னும் நீளம். ஆயிரம் கெஜத்தில் அது தெரியும். முந்நூறு கெஜத்தில் நிக்கிற மானுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அப்ப அந்த ஆளுக்கு என்ன பதில்? உதை தாங்குற, நீளக் குண்டு போடுற, கடையில் கிடைக்கிற நடுத்தரக் காலிபர். 7x57 ஆனாலும் 6.5 ஆனாலும் .308 ஆனாலும் தப்பில்லை. ஆனா இலக்கையும் மிருகத்தையும் ஒரே தூரத்தில் சுடலாம்னு அவர் நினைச்சா, அதுக்குத் தோட்டா பதில் சொல்லாது. அறுநூறு மீட்டர் போக அந்தக் குண்டுக்கு முக்கால் நொடிக்கு மேல் ஆகும். அதுக்குள்ள மான் ஒரு எட்டு எடுத்து வச்சிடும். அட்டை இலக்கில் தப்பினா மில்னர் மாதிரி நாலு புள்ளி போகும். சம்பாவத் புலி செத்தப்புறம் கார்பெட் அதோட வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைஞ்சிருந்தது, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. யாரோ எப்பவோ சரியாச் சுடாத ஒரு குண்டு. இயல்பான இரையைப் பிடிக்க முடியாம அது மனுஷங்க பக்கம் திரும்பினதுக்கு அதைத்தான் அவர் காரணமா எழுதி வச்சார்.

கார்பெட்டோட அந்த .275 இப்ப ரிக்பி கம்பெனிகிட்டயே திரும்பி வந்திருக்கு, 2015-லேருந்து. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.