தவிட்டோடு போனது

அரிசி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் சர்க்கரை நோய் பெருகிய பிறகு கிளம்பியது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜப்பானிலும் ஜாவாவிலும் மலாயாவிலும் பெரிபெரி என்ற நோய் பட்டாள விடுதிகளிலும் சிறைகளிலும் சுரங்கக் குடியிருப்புகளிலும் கப்பல்களிலும் ஆட்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கும், முற்றினால் இதயம் நின்றுவிடும். சோறுதான் காரணம் என்று ஒரு சாராரும், சோற்றுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று மறு சாராரும் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டார்கள். அந்த வாதங்களைப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. அரிசியைப் பழித்தவர்களும் அதைக் காத்து நின்றவர்களும் ஒரே தவறான கேள்வியைத்தான் கேட்டார்கள். களத்துக்கும் உலைக்கும் நடுவே அந்த நெல்லுக்கு என்ன நடந்தது, சோற்றோடு தட்டில் வேறு என்ன விழுந்தது என்று விசாரித்தவர்களுக்கே விடை அகப்பட்டது.

நெல்லின் உமியை நீக்கினால் தவிட்டுப் படலமும் முளையும் ஒட்டிய அரிசி கிடைக்கும். பின்னாளில் தயமின் என்று பெயர் பெற்ற பி1 வைட்டமின் பெரும்பாலும் இந்தப் படலத்திலும் முளையிலும்தான் இருக்கிறது. உரலில் குத்தும்போது தவிட்டில் ஒரு பங்குதான் போகும். அரிசி வெளுக்க வேண்டுமானால் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். அவ்வளவு உழைப்பை விலைக்கு வாங்க முடிந்த வீடுகளில்தான் வெள்ளைச் சோறு அன்றாடம் வெந்தது. ரங்கூனிலும் பாங்காக்கிலும் சைகோனிலும் நீராவி ஆலைகள் எழுந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. தவிட்டில் எண்ணெய் உண்டு. ஈரமும் சூடும் பட்டால் அது விரைவில் காறிப்போகும். வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து, பிறகு கிடங்கில் கிடக்கப்போகும் அரிசிக்குத் தவிடு ஒரு தொல்லை. ஆகவே வியாபாரத்துக்காக அரிசி நன்றாகத் தீட்டப்பட்டது. செல்வத்தின் அடையாளமாக இருந்த வெண்மை கூலியாளின் தட்டுக்கும் மலிவாக வந்து சேர்ந்தது. பணக்காரர் தட்டில் மீனும் பருப்பும் முட்டையும் தவிட்டோடு போனதை ஈடுகட்டின. கூலியாளின் தட்டில் சோறு மட்டும் மலையாக இருந்தது, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கருவாடு கிடைத்தால் உண்டு.

ஜப்பானில் இந்த நோய்க்கு, டோக்கியோவின் பழைய பெயரால், எடோ வியாதி என்றே ஒரு பெயர் இருந்தது. அந்த நகரத்துக்கு வந்து வெள்ளை அரிசி உண்ணத் தொடங்கியவர்களுக்கு அது வந்தது. கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ இதைக் கவனித்தார். 1882 இறுதியில் புறப்பட்ட ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தார்கள். 169 பேருக்கு பெரிபெரி கண்டது, 25 பேர் மாண்டார்கள். 1884இல் அதே தடத்தில் சுகூபா என்ற கப்பலை, இறைச்சியும் பாலும் கோதுமை உணவும் கூட்டிய உணவுத் திட்டத்தோடு தகாகி அனுப்பவைத்தார். ஒருவரும் சாகவில்லை. தரைப்படை இதை ஏற்கவில்லை. ஜெர்மனியில் படித்து வந்த மோரி ரிந்தாரோ போன்ற படை மருத்துவர்கள், நோயென்றால் அதற்குக் கிருமி இருந்தாக வேண்டும் என்றார்கள். 1904–05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படை பெரிபெரிக்கு மட்டும் சுமார் 27,000 பேரைப் பறிகொடுத்தது. மோரி மூடரல்லர். மோரி ஓகாய் என்ற பெயரில் ஜப்பானிய இலக்கியத்தின் தூண்களில் ஒருவராகப் போற்றப்படுபவர் அவர்தான். தகாகியின் விளக்கமும் சரியல்ல, உணவில் புரதம் குறைந்ததே காரணம் என்று அவர் நம்பினார். விளக்கம் பிழையாக இருந்தும் அவருடைய மாலுமிகள் பிழைத்தார்கள். யார் எதைச் சாப்பிட்டார், யார் செத்தார் என்ற கணக்கை அவர் நேராகப் பார்த்ததுதான் காரணம்.

ஜாவாவிலும் இதே கதை. பத்தாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் கிருமியைத் தேடி வளர்த்த கோழிகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று, சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடையில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டது தெரியவந்தது. புதிதாக வந்த சமையல்காரர் பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததால் பழைய தீவனத்துக்குத் திரும்பியிருந்தார்கள். எய்க்மனின் நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் சிறைகளைச் சுற்றி வந்து, ஏறத்தாழ 2,80,000 கைதிகளின் கணக்கைத் திரட்டி 1897இல் வெளியிட்டார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தவிட்டோடு அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். இவ்வளவும் கையில் இருந்தும், மாவுச்சத்தில் ஒரு நஞ்சு உண்டு, தவிடு அதற்கு முறிமருந்து என்றே எய்க்மன் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்ற மருத்துவர்தான் 1901இல், நஞ்சு ஏதும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று குறைகிறது என்றார். இருப்பதால் வரும் நோயைத் தேடிப் பழகிய கண்களுக்கு, இல்லாததால் வரும் நோய் எளிதில் தட்டுப்படவில்லை.

நம்மவர் இந்த வரலாற்றில் நுழையும் இடம் மலாயா. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை பெரிபெரி வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் இருந்த தமிழர்களை அது அனேகமாகத் தொடவில்லை. தட்பவெப்பம் ஒன்றுதான், குடியிருப்பின் நெரிசலும் அழுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இனத்தின் உடல்வாகு என்று சொல்லிக் கடந்துபோனவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் அவரவர் சோற்றைப் பார்த்தார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த, தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் தின்றது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1907இல் வெளியான தம் நூலில் இதை அவர் விரிவாக எழுதினார். பச்சரிசியில் பூசணம் கக்கும் நஞ்சு இருக்கிறது என்ற அவருடைய விளக்கமும் பிற்பாடு பொய்த்தது.

அரிசியின் வகைதான் காரணமா என்று சோதிக்க வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் தேர்ந்த இடம் கோலாலம்பூர் மனநோய் விடுதி. 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்காரருக்கு சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். ஓராண்டு முடிவில் பச்சரிசி தின்ற 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 18 பேர் செத்தார்கள். புழுங்கலரிசிக்காரரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது, விடுதிக்குள் வரும்போதே அதைக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். மருத்துவ வரலாற்று நூல்கள் இதை நேர்த்தியான சோதனை என்று குறிப்பிடுகின்றன. நேர்த்தியானதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாயில்லாதவர்கள் மேல் அது நடந்தது, அவர்களில் 18 பேர் பிணமானார்கள். நாம் இன்று பெட்டியைப் பார்த்து விழுங்கும் வைட்டமின் மாத்திரைக்குப் பின்னால் பெயர் பதிவாகாத அந்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் மலாயாவின் துரியான் திப்புஸில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரண்டு பிரிவாக்கி, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து அதே முடிவை 1909இல் உறுதிசெய்தார்கள். மறு ஆண்டு மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வது பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானித்தது.

புழுங்கலரிசி ஏன் காத்தது என்பதற்கான நுணுக்கமான விளக்கத்தில் குன்னூருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி ஏக்ராய்டு நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் அன்றைய சென்னை மாகாணத்தையே ஆராய்ந்தது. பெரிபெரி வடசர்க்காரில், அதாவது இன்றைய கடலோர ஆந்திர மாவட்டங்களில் இருந்தது. தமிழ் மாவட்டங்களிலும் மலபாரிலும் அபூர்வம். வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, தெற்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது, மாவுச்சத்து இறுகி அதை அங்கேயே பிடித்துவைக்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பெரும்பங்கு மிஞ்சும். களையும் தண்ணீரிலும் அது அவ்வளவாகப் போவதில்லை. பச்சரிசியிலோ ஆலையில் தப்பியதும் களையும்போது கரைந்துவிடும். தவிடும் கழுநீரும் மாட்டுக்குப் போக, பசுவுக்குக் கிடைத்தது பிள்ளை பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. தாய்ப்பாலில் தயமின் இல்லாமல் மூன்று நான்கு மாதக் குழந்தைகள் திடீரென்று இறந்தன.

இங்கேதான் நம்மிடையே வழக்கமாக எழும் ஒரு வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். பார்த்தீர்களா, முன்னோர் எல்லாம் அறிந்தே புழுங்கலைக் கண்டார்கள் என்பார்கள். அவித்த நெல் குத்தும்போது உமி எளிதில் கழல்கிறது, அரிசி நொய்யாகாமல் முழுதாக வருகிறது, பூச்சி அரிப்பதும் குறைவு. இவை எந்த உழவர் வீட்டிலும் கண்ணால் கண்டு அறியக்கூடிய லாபங்கள். பெரிபெரியைத் தடுக்கத்தான் நெல்லை அவித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தவிரவும், அதே மரபு பச்சரிசியைத்தான் படையலுக்கும் பொங்கலுக்கும் உயர்ந்ததாக வைத்தது. புழுங்கல் உழைப்பாளியின் சோறாகவும் நோயாளியின் கஞ்சியாகவும் இரண்டாம் இடத்தில் நின்றது. மதிப்புக் குறைந்த சோறுதான் உயிரைக் காத்தது. அதே சமயம் மரபை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அடுப்படியிலும் களத்திலும் கைப்பழக்கமாகக் காத்து வந்த ஒரு செய்முறை, காரணம் தெரியாமலே பலன் தந்தது. காரணம் தெரியாதவரை, ஆலை வந்தபோது எதை விடக் கூடாது என்பதும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

1934 டிசம்பரில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கமும், அதை நடத்திய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காகப் போராடினார்கள். ஆலை அரிசி ஊரின் உடல்நலத்தையும் கைவேலையையும் ஒருங்கே பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆலைகளுக்கு உரிமக் கட்டுப்பாடு விதித்த 1958ஆம் ஆண்டு அரிசி ஆலைச் சட்டத்தில் அந்த எண்ணத்தின் சாயல் உண்டு. ஆலைகள் நிற்கவில்லை. அது வெறும் மோகத்தின் வெற்றி என்று பழிப்பது எளிது. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்தவள் யார் என்று கேட்டால் அந்தப் பழிப்பு நிற்காது. ஆலை அவள் தோளிலிருந்து இறக்கிவைத்த பாரம் மெய்யானது. குமரப்பா சொன்ன சத்திழப்பும் மெய்யானது. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால்தான், பெண்ணின் முதுகை ஒடிக்காமலும் அரிசியின் சத்தைப் பறிக்காமலும் இருக்க வழியுண்டா என்ற அடுத்த கேள்விக்குப் போக முடியும். அவித்த நெல்லை ஆலையில் அரைப்பது அப்படி ஒரு வழி. அது நம் கண்முன்னே இருந்தது.

எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பது இன்னொரு வழி. தயமினை 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், மதராஸ் மாகாணத்து நெல்லூரில் பிறந்த மிஷனரிப் பிள்ளை. சத்து சேர்த்த அரிசியை 1940களின் இறுதியில் பிலிப்பைன்ஸின் பத்தான் மாநிலத்தில் கொடுத்தபோது பெரிபெரிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. நம் நாட்டிலும் 2021இல் பிரதமர் அறிவித்தபின் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் கலந்த செறிவூட்டிய அரிசி ரேஷனுக்கு வந்தது. இதை நஞ்சு என்பவர்களும் அமுதம் என்பவர்களும் இப்போதும் இருக்கிறார்கள். ஒரே சத்துக்குறை பரவலாக உள்ள இடத்தில் அதைச் சேர்ப்பதால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சேர்க்கப்படுவது பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பொருள்கள் மட்டுமே. தட்டில் இல்லாத கீரையையும் பருப்பையும் அவற்றால் முழுதாக ஈடுகட்ட முடியாது.

தவிட்டு அரிசிதான் தீர்வு என்று இன்று நகரங்களில் ஒலிக்கும் குரலுக்கும் இதையே சொல்ல வேண்டும். அதில் நாரும் வைட்டமினும் அதிகம். மண்ணிலும் நீரிலும் ஆர்செனிக் உள்ள பகுதி நெல்லானால் அதுவும் தவிட்டில்தான் கூடுதலாகத் தங்கும். புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்தது, ஆகவே சர்க்கரை நோய்க்கும் அது காப்பு என்று தாவுவதும் தவறு. நன்றாகத் தீட்டிய புழுங்கலில் தயமின் மிஞ்சும், நார் மிஞ்சாது. மூன்று வேளையும் சோற்றால் வயிற்றை நிரப்புகிறவருக்கு அது பச்சரிசியா புழுங்கலா என்பதைவிட, சோறு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம், பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோவும் அதற்கு மேலும் கிடைக்கும். பசியை விரட்டிய இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே அட்டைக்கு 30 ரூபாய் விலையில் துவரம்பருப்பு மாதம் 1 கிலோ. மலாயாச் சுரங்கத்துச் சீனர் தட்டில் நடந்ததை அறிந்தவர்கள், அரிசியின் நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது இந்த ஒரு கிலோவை இரண்டாக்குவதைப் பற்றிப் பேசச் செலவிடலாம்.