கெட்ட ஆண்டும் நல்ல வெல்லமும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாற்றுக்கு ஏறும் மலைச்சாலையின் அருகே, மழை மறைவில் அமைந்தது அஞ்சுநாடு. காந்தலூர், மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்பன அதன் ஐந்து ஊர்கள். மதுரைச் சீமையிலிருந்து மலையேறிய குடிகளின் வழியினர் தாம் என்று அங்குள்ள தமிழர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தேவிகுளம் வட்டத்தோடு இப்பகுதியும் கேரளத்தில் நின்றது. எனினும் அதன் பாம்பாறு கிழக்கே ஓடி நம் அமராவதியில் கலக்கிறது.

சந்தனத்திற்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெயரை வெளியே பரப்பியது மறையூர் வெல்லமாகும். காந்தலூர், மறையூர் வயல்களில் விளையும் கரும்பை ஆலையில் ஆட்டி, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதமடைந்ததும் கையால் உருட்டி எடுக்கின்றனர். உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்கும். நிறம் கரும்பழுப்பு, சுவையில் உப்புக் கரிப்பு இராது.

இதன் தரத்தை எவ்வாறு அறிவது? நல்ல ஆண்டில் எல்லா வெல்லமும் இனிக்கும். மழை மிகுந்த ஆண்டிலேதான் சோதனை. அப்போது கரும்பில் நீர் ஏறிச் சாறு இளகிவிடும். அடுப்பெரிக்க வேண்டிய சக்கையோ உலராது. காய்ச்சும் நேரம் நீளும். பொறுமையிழந்து முன்னரே இறக்கினால் வெல்லம் கசியும். தீயை மிகுத்தால் கருகல் வாடை ஏறும். நிறத்தை வெளுக்க இரசாயனம் சேர்க்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. மஞ்சள் பளபளப்பே தூய்மையின் அடையாளம் என்று கருதும் நம் கண்ணே இங்கு நம்மை ஏமாற்றுகிறது.

இவ்வுண்மையை வேறொரு நாட்டினர் நெடுங்காலமாகவே அறிவர். பிரான்சு நாட்டின் பர்கண்டியில், பினோ நுவார் என்னும் ஒரே திராட்சை வகை அடுத்தடுத்த தோட்டங்களில் வெவ்வேறு சுவை தருகிறது. விளைச்சல் மிகும், ஆயினும் சுவை குறையும் கமே கொடியை அகற்றுமாறு 1395-இல் அந்நாட்டுக் கோமகன் பிலிப்பு ஆணையிட்டான். 1935-இல் பிறந்த சட்டமோ ஊர்ப்பெயரைப் புட்டியில் பொறிக்கும் உரிமைக்கு வரம்பு கட்டியது. 2021 ஏப்பிரலில் உறைபனி தாக்கி விளைச்சல் பெரிதும் குன்றியது. இத்தகைய ஆண்டின் மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோர் இனிமையின் மிகுதியைத் தேடுவதில்லை. மண்ணின் இயல்பு எஞ்சியிருக்கிறதா, உழவன் கை அதனைக் காத்ததா என்பதையே நோக்குகின்றனர். வெல்லத்திற்கும் இதுவே அளவுகோல் அன்றோ?

நம் நாட்டிலும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முதற்குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்தது. சமவெளியில் காய்ச்சிய வெல்லம் மறையூர்ப் பெயரில் மலிவாக விற்கப்பட்டமையால் அஞ்சுநாட்டு உழவர் நலிந்தனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் உலுக்கியது. 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சில், மறையூர் வெல்லத்திற்குக் குறியீடு வந்தது.

ஆனால் சட்டம் பெயரைக் காக்கலாம். சுவையைக் காப்பது வாங்குவோரின் நாவேயாகும். பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ பொங்கலுக்கு வெல்லம் தேடும் நேயர்களே, நிறம் கண்டு மயங்காதீர்கள். சிறு துண்டை நாவிலிட்டுப் பாருங்கள்; கரிப்பு உண்டா, கருகல் உண்டா என்று உணருங்கள். உருண்டை சற்றுக் கறுத்திருப்பினும், அளவில் ஒழுங்கற்றிருப்பினும், அதற்குரிய விலையை மனமுவந்து அளியுங்கள். நல்ல ஆண்டில் மட்டும் வாங்கி, அல்லல் ஆண்டில் மஞ்சள் வெல்லத்தை நாடுவோமாயின், கொப்பரை முன் பொறுமையோடு நிற்கும் உழவன் எதற்காக நிற்பான்? ஊரின் பெயர் நிலைப்பது அவன் கையிலும் நம் நாவிலுமே உள்ளது.