தமிழ் வகுப்பறையும் கணினியும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். திருக்குறளில் ஏதேனும் ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மணக்குடவர் எழுதிய உரையையும் பரிமேலழகர் எழுதிய உரையையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிவர வேண்டும். ஒரு மாணவர் குறளையும் அதன் எண்ணையும் கைப்பேசியில் பார்த்துக் குறித்துக்கொண்டார். நூலகத்திற்குப் போய், மணக்குடவர் உரைநூலில் அதே வரிசையில் நின்ற உரையைப் படியெடுத்தார். குறளுக்கும் உரைக்கும் தொடர்பே இல்லை. கட்டுரையின் முடிவில் அவர் எழுதியிருந்தது இது: "மணக்குடவர் இக்குறளின் பொருளைத் தவறாக விளங்கிக்கொண்டுள்ளார்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிக்க இயலவில்லை. அம்மாணவர் சோம்பேறி அல்லர். நூலகம் வரை நடந்தவர். நாம் இன்று வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் வகுத்த வைப்புமுறையைச் சார்ந்தவை என்பதும், மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு வரிசையில் நிற்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியாது. கைப்பேசி அதைச் சொல்லவில்லை. வகுப்பில் நானும் சொல்லியிருக்கவில்லை. தமிழ் நூல்கள் கணினிக்குள் வந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

அச்சு வந்த காலம்

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் மாறிய கதையை இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். திருக்குறள் 1812இல் சென்னையில் அச்சாயிற்று. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவர் பதிப்பில் சீவக சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் 1887ஆம் ஆண்டினதே.

இங்கு நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஐயர் இப்பதிப்புகளைச் செய்தபோது நாள்தோறும் வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியராகவே இருந்தார். ஆகவே மாணவனுக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். நூலின் முகப்பில் ஏடுகள் கிடைத்த இடங்களைக் குறித்தார், பாடவேறுபாடுகளைக் காட்டினார், அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார், ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்த இடம் என்றே காட்டினார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை அச்சுப் பக்கமே நமக்கு உணர்த்துகிறது. இல்லாததை இல்லை என்று சொல்வதும் ஒரு பாடம் அல்லவா?

பின்னர், 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த பதிப்புகளை மலிவு விலையில் வெளியிட்டார். யாப்பு வடிவத்தில் திணறிய மாணவர்களுக்கு அவை பெருந்துணை புரிந்தன. புதிய கருவி எதுவும் அதில் இல்லை. பக்கத்தை அமைக்கும் முறைதான் மாறிற்று. அதுவும் ஒரு கல்வித் தொழில்நுட்பம் என்றே நான் கருதுகிறேன்.

எண்ணும் எழுத்தும்

இனிக் கணினிக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியும். அன்றைய எட்டுத்துணுக்குக் குறியேற்றத்தில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு முதற்பாதியை விட்டுவிட்டால் எஞ்சியவை 128. தமிழ் எழுத்துகளோ 247. உயிர்மெய்களைக் கொம்பு, கால், புள்ளி என உறுப்புகளாகப் பிரித்துத்தான் உள்ளே அடைக்க வேண்டியிருந்தது. எந்த உறுப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டனர். ஓர் எழுத்துருவில் அகரம் நின்ற இடத்தில் இன்னொன்றில் றகரம் நிற்கும்.

இந்தச் சிக்கலை முன்னின்று எதிர்கொண்டவர்களுள் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அவர் தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர், பின்னாளில் அந்நாட்டுத் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையப் பக்கமொன்றில் தமிழும் இடம்பெறச் செய்தவர் அவரே. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே முதன்மையாக உழைத்தார். 1999இல் அவர் மறைந்தார். இணையத் தமிழின் தொடக்கத்தில் ஒரு தமிழாசிரியர் நின்றார் என்பது நம் துறையினர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. எங்கள் பாடத்திட்டங்களில் அவர் பெயரை நான் கண்டதில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் பொதுத் தரம் காண முயன்றனர். தமிழ்நெட் 99 விசைப்பலகையும் 'தாம்', 'தாப்' குறியேற்றங்களும் அதன் பயன்கள். அதே காலத்தில் உலகெங்குமிருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' என்னும் குறியேற்றமும் பரவியது. ஆக, பொதுத் தரங்களே ஒன்றுக்கு மேற்பட்டனவாயின.

பொங்கல் நாளில் ஒரு தொடக்கம்

இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதை வழிநடத்தினார். அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இதற்கு முன்னோடி. பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் பிழைதிருத்தினர். யாரும் ஊதியம் பெறவில்லை. திட்டத்தின் முதல் எண்ணைப் பெற்ற நூல் திருக்குறள். முதலில் 'மயிலை' எழுத்துருவிலும் பிறகு திஸ்கியிலும் வந்த நூல்கள், 2003 முதல் ஒருங்குறியிலும் வெளிவரலாயின.

நான் முதுகலை படித்தபோது எங்கள் கல்லூரி நூலகத்தில் அகநானூற்றுக்கு ஒரே ஒரு படிதான் இருந்தது. வெளியே எடுத்துச்செல்ல இயலாது. முப்பது பேர் முறைவைத்துக் கையால் எழுதிக்கொண்டோம். அந்நாளில் ஒரு மாலை, பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த பிரவுசிங் சென்டரில் மதுரைத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். சங்கப் பாடல்கள் வரிசையாக நின்றன, விலை இல்லை, முறைகாத்தல் இல்லை. நெகிழி வட்டு ஒன்றில் ஏற்றிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த கணினியில் உரிய எழுத்துரு இல்லை. திரை முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளும் காசுக் குறிகளும் வினாக்குறிகளுமாக நிறைந்தன. சங்க இலக்கியம் கண்முன்னே இருந்தும் படிக்க முடியாத அந்த இரவை நான் மறக்கவில்லை. ஏடு கிடைத்தும் எழுத்துப் புரியாமல் தவித்தவர்களின் நிலை ஓரளவு எனக்கு அன்று விளங்கிற்று.

2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்குக் கருத்துவடிவம் தந்து வழிநடத்தியவர் வா.செ. குழந்தைசாமி. பொறியியல் அறிஞர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதியவர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தொலைநிலைக் கல்வியின் இயல்பை அறிந்த ஒருவர் தலைமையேற்றதால், புலம்பெயர்ந்தோரின் குழந்தைகளுக்கான மழலைக்கல்வி முதல் தமிழியல் இளநிலைப் பட்டம் வரை பாடங்கள் படிநிலையாக அமைந்தன. நூலகப் பகுதியில் மூலநூல்களுடன் உரைகளும் அகராதிகளும் சேர்ந்தன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அந்நிறுவனம் இயங்குகிறது.

ஈழத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். 2005இல் ஈழத்து ஆர்வலர்கள் தொடங்கிய நூலகத் திட்டத்தை அந்நெருப்பை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே இரவில் அழியும். பல இடங்களில் படியெடுத்து வைத்தது எளிதில் அழியாது. நமக்கு வசதியாகத் தோன்றும் மின்னூல், அவர்களுக்குக் காப்பு.

ஒருங்குறிக்குப் பின்

யூனிகோடு என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. பொதுப் பயன்பாட்டுக் கணினிகள் அதைத் தாங்கவும், மக்கள் பழகவும் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமான 'டேஸ் 16'ஐயும் தரங்களாக ஏற்றது. 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கத் தொடங்கினர். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வகுப்பறையே கைப்பேசிக்குள் புகுந்தது.

ஒருங்குறி வருமுன் தட்டச்சு செய்த என் குறிப்புகள் பல இன்று பயனற்றுக் கிடக்கின்றன. நான் முன்பு பணிபுரிந்த ஒரு கல்லூரியில் வினாத்தாளை ஓர் எழுத்துருவில் அனுப்ப, அச்சகத்தில் அது வேறாகத் திறந்து, தேர்வு நாளன்று காலையில் கையால் எழுதிப் படியெடுத்துக் கொடுத்தோம். அத்தகைய துன்பம் பெரும்பாலும் தீர்ந்தது. இன்று மாணவர் கையில் சங்க இலக்கியம் முழுவதும் இருக்கிறது. என் தலைமுறை கனவிலும் காணாத செல்வம் இது.

ஆயினும் இச்செல்வத்தைச் சேர்த்தவர்களுள் நான் அறிந்தவர் பலர் பொறியாளர்கள், அறிவியலார், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள். என் அனுபவத்தில், தமிழ்த்துறைகள் நெடுங்காலம் எட்டியே நின்றன. "கணினி நமக்கெதற்கு?" என்ற பேச்சை ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நானும் சிலகாலம் அப்படிப் பேசியவன்தான். அந்த விலகலின் விலையை இப்போது மாணவர்கள் தருகிறார்கள்.

எப்படியெனில், மதுரைத் திட்டத்தின் நூல்கள் பலவற்றில் மூலப்பதிப்பு எது என்ற குறிப்பு முகப்பிலேயே உண்டு. அங்கிருந்து ஒருவர் பாடலை மட்டும் வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. அவரிடமிருந்து இன்னொருவர் எடுக்கும்போது, சிதைந்த இடத்தைக் காட்டிய புள்ளிகளும் உதிரக்கூடும். பாடவேறுபாடு முன்னமே போயிற்று. கடைசியில் மாணவரின் கைக்கு வருவது பெயரில்லாத ஒரு பாடம். ஏட்டைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைக் களைய ஐயர் ஊர் ஊராக அலைந்தார். நாம் அந்தப் பிழைகளுக்கு மறுபடி வழிதிறந்து விட்டிருக்கிறோம்.

தேடுதலும் அவ்வாறே. 'நாடு' என்று தேடிய மாணவர், "இந்நூலில் இச்சொல் இத்தனை முறை வருகிறது" என்று எண்ணி எழுதிவிடுகிறார். 'நாட்டு' என்பது அந்தத் தேடலில் அகப்படாது, 'நாடன்' அகப்படாது, சந்தியில் உருமாறி நிற்பவை அகப்படா. தேடுபொறிக்குப் புணர்ச்சி விதி தெரியாதபோது, நன்னூல் படித்த மாணவருக்கேனும் தெரிய வேண்டும். இலக்கண வகுப்பு பயனற்றது என்று நினைக்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

என் வகுப்பில் ஒரு மாற்றம்

இவ்வாண்டு முதல் என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். இணையத்திலிருந்து எடுத்த எந்தப் பாடலுக்கும் அது எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்று மாணவர் ஒருவரி எழுத வேண்டும். கண்டறிய முடியவில்லையெனில், அச்சுநூலோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாதத்தில் ஒரு மாணவி, இரண்டு தளங்களில் ஒரே புறப்பாட்டில் ஒரு சொல் வேறுபடுவதைக் கண்டு, வகுப்பு முடிந்தபின் ஓடிவந்து காட்டினார். அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது பதிப்பியல் என்ற பாடத்தைத் தனியாக நடத்தத் தேவையில்லை என்று தோன்றிற்று.

மணக்குடவரைக் குறைகூறிய மாணவரும் கட்டுரையைத் திருத்தி எழுதினார். இம்முறை அவர் தந்த தலைப்பு: 'குறள் வைப்புமுறை: இரு உரையாசிரியர்கள்.' நல்ல கட்டுரை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் பலர் பழைய நூல்களைத் தட்டச்சு செய்கிறோம், பாடல்களை எடுத்தாள்கிறோம். அடுத்தமுறை அப்படிச் செய்யும்போது, கீழே பதிப்பாசிரியர் பெயரையும் ஆண்டையும் மறவாமல் சேருங்கள். அந்த ஒரு வரி, என்றோ ஒருநாள் எங்கோ ஒரு மாணவரைக் காப்பாற்றும்.