நஞ்சன்கூட்டு ரசவாழையும் பிழையற்ற நகலின் விலையும்

கபினி ஆற்றங்கரையிலுள்ள நஞ்சன்கூட்டின் பெயரைத் தாங்கிப் புவிசார் குறியீடு பெற்ற வாழை ‘ரசபாளெ’. கன்னடப் ‘பாளெ’ நம் ‘வாழை’யே, கனியும் நம் ரஸ்தாளியின் கூட்டத்தைச் சார்ந்ததே. இவ்வாழையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் உயிரணுப் பகுப்பின் வரலாறாகவே வாசிக்க இயலும்.

ரஸ்தாளிக் கூட்டம், இருவேறு காட்டு வாழையினங்களின் கலப்பில் பிறந்த மும்மடியம் ஆகும். உண்ணும் வாழைகளை இவ்வாறு மரபுத்தொகுதி அடிப்படையில் வகைப்படுத்தும் முறையை 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் இருவரும் நிறுவினர். இதன் உயிரணுவில் பதினொன்று வீதம் மூன்று தொகுதிகளாக 33 குரோமோசோம்கள் உள்ளன. குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் இணைசேர வேண்டும். மூன்றாம் தொகுதிக்கு இணையில்லாமையால் பகுப்பு குலைகிறது, விதை உருவாவதில்லை. 1882இல் ஃபிளெமிங் ‘மைட்டாசிஸ்’ எனப் பெயரிட்ட மறைமுகப் பகுப்புக்கு இத்தடை இல்லை. ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை இரட்டித்துப் பிரிந்தால் போதும். ஆகவே பக்கக்கன்றின் வழியே இவ்வாழை தொடர்கிறது.

இத்தொடர்ச்சியைக் காப்பவை அடுக்கடுக்கான சரிபார்ப்புகள். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி தன் பிழையைத் தானே திருத்துகிறது. எஞ்சியவற்றைப் பழுதுநீக்கும் புரதங்கள் களைகின்றன. இறுதியில் நூறு கோடி எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஒரு பிழையே தங்குகிறது. எல்லாக் குரோமோசோம்களும் கதிரிழைகளில் பற்றும்வரை பிரிதலை நிறுத்திவைக்கும் கண்காணிப்பு ஏற்பாட்டை 1991இல் ஈஸ்ட் ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. தலைமுறைதோறும் சுவை மாறாமல் வந்தது இவ்வேற்பாடுகளால்தான்.

ஆனால் அதே துல்லியம் பலவீனத்தையும் மாறாமல் படியெடுத்தது. ஃபுசேரியம் பூஞ்சை விளைக்கும் வாடல் நோய் 1876இல் ஆஸ்திரேலியாவில் பதிவாயிற்று. பின்னர் அது நடு அமெரிக்காவின் குரோ மிஷேல் தோட்டங்களை அழித்தது. 1960களுக்குள் உலக வாணிகம் கேவண்டிஷ் வாழைக்கு மாறியது. நஞ்சன்கூட்டில் ரசவாழைப் பரப்பு சுருங்கியதற்கும் இந்நோயே முதன்மைக் காரணம். ஒரு மரம் எதிர்க்க இயலாத நோயை அதன் நகல் எதுவும் எதிர்க்க இயலாது. பூஞ்சையின் வித்துகளோ மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

திசு வளர்ப்புக் கன்றுகள் நோயற்ற தொடக்கத்தைத் தருகின்றன, எதிர்ப்புத்திறனைத் தருவதில்லை. அவையும் அதே நகல்களே. எதிர்ப்புத்திறனை, சரிபார்ப்புக்குத் தப்பிய அரிய பிறழ்வுகளிலும் காட்டு வாழைகளின் பன்மையிலும்தான் தேட வேண்டும். 1993இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் மரபுவளத் தொகுப்பு இவ்வகையில் இன்றியமையாதது. ஒரு ரகத்தைப் பாதுகாத்தல் என்பதை அதன் நகல்களைப் பெருக்குதல் என்று மட்டும் பொருள்கொள்ளும் கொள்கைகளை வேளாண் வரலாறு பயிலும் மாணவர்கள் இந்நோக்கில் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.