வேலூர் கற்றதும் கற்பித்ததும்

தலைநகரில் கோப்புகளை மொழிபெயர்க்கும் எனக்குப் 'பயிற்சி அளித்தல்', 'பயிற்சி பெறுதல்' என்ற தொடர்கள் நாள்தோறும் எதிர்ப்படும். அளிப்பது செல்வ நாடு, பெறுவது ஏழை நாடு என்பதே வழக்கம். நேயர்களே, நம் வேலூரின் வரலாறு அவ்வழக்கத்துக்கு அடங்குவதில்லை.

கொல்லி மலையிலே பிறந்து லண்டனிலே வைத்தியம் பயின்ற டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்ற அவர், விரல் மடங்கிய நோயாளி ஒருவரைத் தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. தசைகள் யாவும் சாகவில்லை! நல்ல தசையின் நாணை இடம் மாற்றி இணைத்தால் விரல்களை நிமிர்த்தலாம் அன்றோ? சதை நோயினால் தானே அழுகுவதில்லை, வலி தெரியாமையால் சூட்டிலும் உராய்விலும் புண்படுகிறது என்பதையும் அந்நோயாளிகளிடமே அவர் கற்றார். பின்னர்ப் பிற நாட்டு ரண வைத்தியர்கள் வேலூருக்கு வந்து இவற்றைப் பயின்றனர்.

மகளிர் மருத்துவத்தை நாடிய இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளைச் சீராக்கினார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அதற்கென வேலூரில் 1966-இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது.

அதே ஆண்டில் பிராண்டு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது பற்றி வேலூரில் அவர் அறிந்தவை, அங்கே நீரிழிவு நோயாளிகளின் கால்களையும் காக்க உதவின.