சிரிப்பு பதிலாகுமா?

வேலப்பன்சாவடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் பாதியைப் போட்டு, கொல்லைக் கொட்டகையில் ஒரு சக்கரம் செய்திருக்கிறார். ஒரு தடவை தள்ளிவிட்டால், மின்சாரம் இல்லாமல் அது தானே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர் கட்சி. இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டுமாம். அதற்காக மனைவியின் வளையலை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"சிரிங்க சார். நம்ம மெட்ராஸ்ல படிச்ச சந்திரசேகரைப் பார்த்தும் லண்டன்ல இப்படித்தான் சிரிச்சாங்க. அப்புறம் நோபல் பரிசு குடுக்கலையா?"

அவர் சொன்னது வாஸ்தவம். 1930-ஆம் ஆண்டு, பிரஸிடென்ஸி கல்லூரிப் படிப்பை முடித்த சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது பத்தொன்பது. எரிந்து தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குள்ளனாக அடங்குவதற்கும் ஓர் எடை வரம்பு உண்டு என்பதைக் கப்பலிலேயே கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது இன்று நாம் அறிந்த வரம்பு. அதற்கு மேற்பட்டால் அடங்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் அதை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டைனின் புகழை உலகறியச் செய்த மேதை. நட்சத்திரம் இப்படி அசட்டுத்தனமாக நடப்பதை இயற்கையே தடுத்துவிடும் என்கிற பாவனையில் அவர் பேச, சபை சிரித்தது. அவர் காட்டிய காரணம் பிற்காலத்தில் நிற்கவில்லை. சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று அறிந்த பெரிய பௌதிக விஞ்ஞானிகளும் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை.

ஆனால் பெரியவர் கதையில் பாதியை விட்டுவிட்டார். சந்திரசேகர் கையில் இருந்தது கணக்கு. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். 1939-இல் அதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1983-இல் வந்த நோபல் பரிசு, கணக்கு சரியாக இருந்ததற்காக வந்தது. சபை சிரித்ததற்காக அல்ல.

சக்கரத்தின் கதை வேறு. ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய, தானே சுழலும் சக்கரத்தைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கராசாரியார் எழுதியிருக்கிறார். அதன்பின் எத்தனையோ பேர் எத்தனையோ தினுசாகச் செய்து பார்த்தார்கள்; ஒன்றும் ஓயாமல் சுற்றவில்லை. இறங்கும் பளு கொடுப்பதை ஏறும் பளு வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தை அச்சின் உராய்வு தின்றுவிடுகிறது. 1775-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் இத்தகைய யந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தது. அது தவறென்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் நான் சிரித்தது சரிதானே? இல்லை. என் சிரிப்பில் அவர் எடிங்டனைக் கண்டார். உடனே தம்மைச் சந்திரசேகராக நினைத்துக்கொண்டார். பரிகாசம் உண்மையை நாலு நாள் தாமதப்படுத்தும். பொய்க்கோ தெம்பு கொடுத்துவிடும்.

மறு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, ஒரு தடவை தள்ளினா எத்தனை சுத்துக்கு அப்புறம் நிக்குது?"

"எண்ணினதில்லையே சார்."

கயிற்றில் செங்கல்லைக் கட்டி, ஒரே உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரே மாதிரி சுழற்றினோம். இருபத்திரண்டு சுற்று. மறுபடியும் இருபத்திரண்டு. எண்ணெய் விட்டோம், முப்பத்தொன்று. ஆனாலும் நின்றது. அவர் வெகுநேரம் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரிங்கு தின்னுடுது சார்" என்றார், லேத் ஓட்டிய மனிதர்.

சக்கரத்தை அவர் இன்னும் பிரிக்கவில்லை. கொட்டகைச் சுவரில் சாக்பீஸ் எண்கள் வளர்ந்துகொண்டு வருகின்றன. வளையல் மட்டும் அந்த அம்மாள் கையிலேயே இருக்கிறது.