நெடுந்தீவு: கல்லும் நீரும் கடற்பாதையும் – ஒரு வரலாற்றுப் புவியியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் அமைந்துள்ள நெடுந்தீவு இன்று சுற்றுலாத் தலமாகப் பரவலாக அறியப்படுகின்றது. கோட்டை, மட்டக்குதிரைகள், பெருக்குமரம், புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என அங்குக் காணத்தக்கவை பட்டியலிடப்படுகின்றன. இப்பட்டியல் ஒவ்வொன்றையும் தனித்த வியப்புப் பொருளாகக் காட்டுகின்றதேயன்றி, அவை ஒரே நிலத்தில் தோன்றிய காரணத்தைக் கூறுவதில்லை. சுண்ணக்கல் நிலம், குறைந்த நன்னீர், கடற்பாதையில் அமைந்த இருப்பு ஆகிய மூன்றுமே இவற்றை ஒன்றிணைக்கின்றன என்பதையும், இவ்விணைப்பை உணராத பாதுகாப்பு முயற்சிகள் ஊரையும் வரலாற்றையும் பிரித்துவிடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: நெடுந்தீவு, முருகைக்கல், மட்டக்குதிரை, வெடியரசன், நயினாதீவுக் கல்வெட்டு, மரபுரிமை

1. முன்னுரை

ஈழத்துத் தீவகம் பற்றிய எழுத்துகளுள் ஊர் வரலாறுகளும் நினைவுக்குறிப்புகளும் மிகுதி. அவை தரும் செய்திகள் அரியன. எனினும், அவற்றில் நிலவியல்பு ஓர் அறிமுகப் பத்தியோடு முடிந்துவிட, வரலாறு தனியே தொடர்வது வழக்கம். நெடுந்தீவைப் பொறுத்தவரை இப்பிரிப்பு பொருந்தாது. அங்குள்ள வேலி, கிணறு, கோட்டை, மேய்ச்சல் நிலம் ஆகிய ஒவ்வொன்றும் நிலம் விதித்த வரம்புக்கு மனிதர் கண்ட விடைகளாகும். ஆதலின் இக்கட்டுரை நிலத்தில் தொடங்கி, பெயர், கட்டடம், விலங்கு, தொன்மம் என்னும் வரிசையில் செல்கின்றது.

2. அமைவிடமும் நிலவியல்பும்

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தின் குடியிருப்புள்ள தீவுகளுள் குடாநாட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது இதுவே. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகியன தரைப்பாலங்களால் குடாநாட்டோடு இணைக்கப்பட்டுள்ளன. அப்பாதை புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவின் மாவிலித்துறையை அடையலாம். தீவு முழுவதும் ஒரு பிரதேச செயலகப் பிரிவாகும். 6 கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்டது.

நிலம் தட்டையானது. மலையோ ஆறோ இல்லை. மேற்பரப்பில் மண் மெல்லியதாகவும் அதன்கீழ்ச் சுண்ணக்கல் படுகையாகவும் உள்ளது. கரையோரத்தில் மணலும் முருகைக்கல் துண்டுகளும் குவிந்துள்ளன. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. பெய்யும் நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ உவர் மேலெழும். எனவே இத்தீவில் கிணறு தோண்டுதல் என்பது ஆழத்தைத் தேடுவதன்று. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே ஆகும். நன்னீர் கிடைத்த இடங்களைச் சார்ந்தே குடியிருப்பு அமைந்தது. நீர் குறைந்த பெருவெளி புல்லுக்கும் பனைக்கும் விடப்பட்டது.

நெற்செய்கைக்கு வாய்ப்புக் குறைந்த இந்நிலம் மேய்ச்சலுக்கு உகந்ததாய் அமைந்தமை, பின்வரும் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

3. பெயர் வழக்குகள்

தீவின் பெயர்களே இதற்கு முதற்சான்று. தமிழ் வழக்கில் நெடுந்தீவு என்பதோடு பசுத்தீவு என்னும் பெயரும் உண்டு. போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு எனப் பொருள்படும் ‘இலா தாஸ் வாக்காஸ்’ என்னும் பெயரால் குறித்தனர். உள்ளூர்ப் பெயரும் அயலார் இட்ட பெயரும் ஒரே பொருளைச் சுட்டுவது, அவர்கள் வருமுன்பே இது கால்நடை மிகுந்த தீவாக விளங்கியது என்னும் கருத்துக்கு இடந்தருகின்றது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வேறொரு முறையைக் கையாண்டனர். நிலத்தின் இயல்பைக் கருதாது, தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன், புங்குடுதீவு மிடல்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ராட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், நெடுந்தீவு டெல்ஃப்ட் எனப் பெயர் பெற்றன. இவற்றுள் ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், ராட்டர்டாம், ஹோர்ன், டெல்ஃப்ட் ஆகிய ஐந்தும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 6 கிளை மன்றங்கள் அமைந்திருந்த நகரங்கள் என்பது கருதத்தக்கது. தீவகத்தின் வரைபடம் இவ்வாறு ஒரு வணிக நிறுவனத்தின் அமைப்பையே பெரிதும் பிரதிபலித்தது.

ஏனைய பெயர்கள் பெரும்பாலும் வழக்கிழந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன் பின்னரும் ஆங்கில, சிங்கள அலுவல் வழக்கில் உறுதியாக நிலைத்துவிட்டது. தமிழ் வழக்கு நெடுந்தீவைக் கைவிடவில்லை. ஒரே ஊர் இரு பெயர்களுடன் இயங்குவதால், அயல்மொழி வழியாக வரலாறு தேடுவோர்க்கு இத்தீவின் கதை ஒல்லாந்தரிலிருந்து தொடங்குவது போன்ற தோற்றம் உண்டாகின்றது.

4. முருகைக்கல்: வேலியும் கட்டடமும்

குடாநாட்டில் வளவுகளைப் பிரிப்பவை கிடுகாலும் பனையோலையாலும் கிளுவை போன்ற மரங்களாலும் அமைந்த வேலிகள். நெடுந்தீவில் அவ்விடத்தைக் கல்வேலி பெற்றுள்ளது. சாந்து எதுவுமின்றி, முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பப்பட்ட இவ்வேலிகள் ஒழுங்கைகளின் இருமருங்கிலும் நீள்கின்றன. இவற்றின் பயன் ஒன்றன்று. நிலத்திலிருந்து அகற்றப்பட வேண்டிய கல் வேலியாகின்றது. தோட்டம் கால்நடையிடமிருந்து காக்கப்படுகின்றது. கடற்காற்றின் வேகமும் தணிகின்றது. கால்நடை கட்டின்றி மேயும் தீவில் அடைக்கப்பட வேண்டியது விலங்கன்று, பயிரே என்னும் நியதியை இவ்வேலிகள் காட்டுகின்றன.

இதே கல்லே ஆட்சியாளரின் கட்டடங்களுக்கும் மூலப்பொருளாயிற்று. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகக் கருதப்படும் கோட்டை முருகைக்கல்லால் ஆன மாடிக் கட்டடம். இன்று சுவர்கள் சிதைந்து, உள்ளிருக்கும் கல் வெளித்தெரிய நிற்கின்றது. புறாக்களுக்கான பொந்துகளுடன் அமைந்த புறாக்கூடும், இராணி கோபுரம் எனப்படும் கரையடையாளமும் இக்கல்லாலேயே ஆனவை. கோட்டையையும் குடியானவனின் வேலியையும் வெவ்வேறு வரலாறுகளுக்குரியனவாகக் கொள்வது பழக்கம். பொருளும், அதனை உடைத்து அடுக்கும் கைத்திறனும் ஒன்றே என்பதை நோக்கின், கோட்டையில் உள்ளூர் உழைப்பின் பங்கு புலனாகும்.

வளரும் கல் என்றும் பெரும் பாதச்சுவடு என்றும் மக்கள் காட்டும் இடங்களும் இந்நிலவியல்போடு தொடர்புடையன. சுண்ணக்கல் நீரில் கரையும் இயல்பினது. அதன் மேற்பரப்பில் விந்தையான வடிவங்களும் பள்ளங்களும் உண்டாதல் இயற்கை. அவற்றுக்குக் கதை கற்பித்தமை, நிலத்தை உற்றுநோக்கி வாழ்ந்தோரின் பண்பாட்டுச் செயல்.

5. மட்டக்குதிரைகளும் கடல் வணிகமும்

நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை என்பது பொதுவான கருத்து. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்குக் குதிரைகளை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் தீவின் பொறுப்பிலிருந்த நோலன் என்னும் படை அலுவலரின் காலத்திலும் இப்பண்ணை தொடர்ந்தது. குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் எஞ்சியுள்ளன. வேலியிடத் தேவையற்ற கடல்சூழ் புல்வெளி, இனப்பெருக்கத்துக்கு இயல்பான பட்டியாக அமைந்தது. படைக்குக் குதிரைகளின் தேவை குறைந்தபின், பேணுவாரற்ற விலங்குகள் காட்டு வாழ்வுக்குத் திரும்பின.

எனினும், இக்கடற்பரப்பில் குதிரையின் வரலாறு ஐரோப்பியரோடு தொடங்கவில்லை. நெடுந்தீவுக்கு வடகிழக்கே உள்ள நயினாதீவில் கிடைத்த, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. ஊர்காவற்றுறையின் பழம்பெயரான ஊராத்துறையில் அயல்நாட்டு வணிகர் வந்து தங்குவதையும், அவர்களுக்கு வழங்கப்பட வேண்டிய பாதுகாப்பையும் அது பேசுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உரியவனுக்கும் சேரும். ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதியாகப் பகிரப்படும் என்பது அதன் விதி. குதிரை வணிகனுக்குக் கூடுதல் பங்கு விடப்பட்டமை, அவ்வணிகத்தை அரசு எவ்வளவு வேண்டி நின்றது என்பதை உணர்த்தும்.

இக்கல்வெட்டைக் கொண்டு அக்காலத்திலேயே நெடுந்தீவில் குதிரை வளர்க்கப்பட்டது என்று முடிவு கூறுதல் பொருந்தாது. கல்வெட்டு கூறுவது துறைமுக வணிகத்தையே. ஆயினும், ஐரோப்பியரின் குதிரைப் பண்ணை வெறும் நிலத்தில் முளைத்த புதுமையன்று. குதிரை ஏற்றிய கலங்கள் பல நூற்றாண்டுகளாகச் சென்ற கடற்பாதையில், மேய்ச்சலுக்குப் பெயர் பெற்ற தீவொன்றில் அது அமைந்தது என்னும் அளவில் சான்று துணிந்து நிற்கின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரமும் இக்கடற்பாதையின் எச்சமே. அதனை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. மன்னாரிலும் இம்மரங்கள் காணப்படுவது, பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையிலான தொடர்பில் வைத்து நோக்கத்தக்கது.

6. வெடியரசன் கோட்டை: தொன்மமும் தொல்லியலும்

தீவில் வெடியரசன் கோட்டை என வழங்கும் இடத்தில் கல்லாலான வட்ட அடித்தளங்கள் உள்ளன. அவற்றைப் பௌத்த தாதுகோபங்களின் எச்சங்கள் எனத் தொல்லியலாளர் கொள்கின்றனர். மக்கள் மரபோ இதனை வெடியரசன் என்னும் குறுநிலத் தலைவனுக்கு உரியதாக்குகின்றது. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் சடங்கின்போது பாடப்பெறும் கண்ணகி வழக்குரையில், சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொணரச் சென்ற மீகாமனுக்கும் வெடியரசனுக்கும் நிகழ்ந்த கடற்போர் விரித்துரைக்கப்படுகின்றது. ஐரோப்பியர் காலக் கோட்டையையும் மீகாமன் கோட்டை என வழங்குவதுண்டு. அயலாரின் கட்டடத்தைக்கூடத் தம் கதைப்பரப்புக்குள் கொணர்ந்து பெயரிட்ட செயல் இது. ஒல்லாந்தர் தீவுக்குப் பெயரிட்டனர். தீவினர் கோட்டைக்குப் பெயரிட்டனர்.

இவ்விடம் பற்றி இன்று எழும் வாதங்கள் பௌத்தச் சின்னம், தமிழ்ச் சின்னம் என்னும் இரு முனைகளில் நிற்கின்றன. இவ்வெதிர்நிலை வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம் பிறந்த மொழி தமிழ்; அதில் வரும் மணிபல்லவத்தை அயலிலுள்ள நயினாதீவு எனக் கருதுவோரும் உளர். ஆகவே ஓர் இடம் பௌத்த எச்சம் ஆதல், அங்குத் தமிழர் வாழ்ந்திலர் என்பதற்குச் சான்றாகாது. வெடியரசன் கதை வழங்குதல் அங்குப் பௌத்தம் நிலவவில்லை என்பதற்கும் சான்றாகாது. அகழ்வு கூறும் காலமும் கதை கூறும் காலமும் வேறு. இரண்டையும் அவற்றுக்குரிய இடத்தில் நிறுத்தும் அறிவிப்புப் பலகையே அவ்விடத்துக்குத் தகுந்தது.

7. காப்பும் வாழ்வும்

2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இது தீவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகும். குதிரைகளைக் காத்தல் தேவையானதே. ஆனால், ‘காடு’ என அறிவிக்கப்பட்ட இவ்வெளி மனிதர் கைபடாத காடன்று. பசுத்தீவு என்னும் பெயர் தோன்றக் காரணமான மேய்ச்சல் வழக்கின் விளைவு. வறட்சியில் குதிரைகள் நீரின்றி மடிவதாக அண்மைக்காலத்தில் மீண்டும் மீண்டும் வந்த செய்திகள், எல்லை வகுத்தல் மட்டும் போதாது என்பதைக் காட்டுகின்றன. விலங்குக்கும் மனிதருக்கும் உரிய நீர் அந்த ஒரே நன்னீர்ப் படலத்திலிருந்தே வர வேண்டும். பயணிகள் பெருகுந்தோறும் அதன்மீது விழும் சுமையும் பெருகும்.

மறுபுறம், ஊரில் மக்கள்தொகை ஏறத்தாழ 4,000 என்னும் அளவில் உள்ளது. போரும் புலப்பெயர்வும் பல வளவுகளை வெறுமையாக்கின. 1985 மே 15 அன்று குறிகாட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில் பயணிகள் படுகொலை செய்யப்பட்ட நிகழ்வு ஊரின் நினைவில் ஆழப் பதிந்துள்ளது. சந்தைக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் படகையே நம்பும் தீவில், அப்பாதையில் நேர்ந்த வன்முறை அன்றாட வாழ்வின் அடித்தளத்தையே தாக்கியதாகும். மாவிலித்துறையில் இறங்கும் பயணிகளுக்குக் கோட்டைக்கும் குதிரைக்கும் வழிகாட்டும் குறிப்புகள், அவர்கள் கடந்து வந்த கடற்பாதையின் இவ்வரலாற்றையும் கூறுதல் வேண்டும்.

8. முடிவுரை

நெடுந்தீவின் காட்சிப் பொருள்கள் தனித்தனி வியப்புகள் அல்ல. சுண்ணக்கல் வேலியையும் கோட்டையையும் தந்தது. நன்னீரின் குறைவு குடியிருப்பை ஒடுக்கி மேய்ச்சலை விரித்தது. கடற்பாதை குதிரையையும் பெருக்குமரத்தையும் கதைகளையும் கொணர்ந்தது. இவ்விணைப்பின் நடுவே உள்ளவை, சுற்றுலாப் பட்டியலில் சிறப்பிடம் பெறாத கல்வேலிகளும் கிணறுகளும் துறைப்பெயர்களும் ஆகும். கோட்டையின் அளவைப்படம் வரைவது போன்றே, கல்வேலிகளின் போக்கையும் நன்னீர்க் கிணறுகளின் இருப்பிடத்தையும் வளவு, துறை ஆகியவற்றின் பெயர்களையும் பதிவு செய்தல் உடனடித் தேவை. கைவிடப்பட்ட வளவில் வேலி சரிந்தால் கல் எஞ்சும். அது எவ்வெல்லையைக் காத்தது, அருகிலுள்ள கிணறு எம்மாதத்தில் உவர்க்கும் என்பதை அறிந்த முதியோர் எஞ்சார். அவ்வறிவு ஊரில் இருக்கும்போதே திரட்டப்படுமாயின், நெடுந்தீவின் வரலாற்றை ஒல்லாந்தரின் பெயரிலிருந்து தொடங்க வேண்டிய நிலை நீங்கும்.